உபதேசியார் வீட்டுச் சுங்கான்



நமது பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஆலயம் எழுந்த கதை, பங்குத்தந்தையரின் வரிசை, பீடமும் மணிக்கூண்டும் அமைந்த விதம் ஆகியவற்றை இம்மலரின் பிற பக்கங்களில் காண்பீர்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது மிகச் சிறிய ஒரு பொருளின் வரலாறு. அது உள்ளங்கையில் அடங்கும். சட்டைப்பையில் இட்டால் இருப்பதே தெரியாது. அது புகைபிடிக்கும் ஒரு குழல். இன்று பைப்பு என்றால்தான் பலருக்கும் விளங்கும். நம் பெரியவர்கள் அதனைச் சுங்கான் என்பார்கள்.

பங்குச்சாமியார் எழுதத் தக்க பொருளா இது என்று சிலர் நினைக்கலாம். நினைத்ததோடு நில்லாமல் என்னிடம் நேரில் வந்து கேட்டவரும் உண்டு. அவர் கேட்ட கேள்வியும், அதனால் நான் கற்ற பாடமும் பின்னர் வரும்.

தகரப்பெட்டியில் கிடைத்தது

பொன்விழா ஆண்டின் தொடக்கத்தில் பழம்பொருட் கண்காட்சி ஒன்று நடத்தினோம். வீடுகளில் உள்ள பழைய செபப் புத்தகங்கள், செபமாலைகள், ஞானஸ்நானச் சான்றுகள், நிழற்படங்கள் எவையிருந்தாலும் கொண்டுவரும்படி பூசையில் அறிவித்தேன். சிதம்பரத்திலிருந்து ஒரு குடும்பத்தார் தகரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் அறையில் வைத்தார்கள். அவர்களுடைய பாட்டனாரின் தந்தை உபதேசியாராக இருந்தவர். பெட்டிக்குள் பிடி தேய்ந்த ஒரு கைமணி இருந்தது. ஓரம் செல்லரித்த மந்திரப் புத்தகம் ஒன்று இருந்தது. பழைய வேட்டித்துணியில் சுற்றி, நூலால் கட்டி வைத்த இந்தச் சுங்கானும் இருந்தது. தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

அந்த உபதேசியார் வாழ்ந்த காலத்தில் அண்ணாமலை நகர் என்ற பெயரே கிடையாது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் அவர்களின் பெருங்கொடையால் 1929ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரே இவ்வூர் நகரமாயிற்று. அதற்கு முன் இங்கே இருந்தது திருவேட்களம் என்னும் சிற்றூரும் அதைச் சூழ்ந்த வயல்வெளியுமே. கத்தோலிக்கர் அங்கொரு வீடும் இங்கொரு வீடுமாக இருந்தார்கள். குருவானவர் மாதம் ஒருமுறை வந்தால் பெரிய காரியம்.

அக்காலத்துக் குருக்கள் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர். 1773ஆம் ஆண்டு சேசுசபை கலைக்கப்பட்டது. அதுவரை சேசுசபையாரிடம் இருந்த கர்நாடக மிஷன், 1776இல் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1886இல் புதுச்சேரி அதிமேற்றிராசனமாக உயர்ந்தது. 1899இல் கும்பகோணம் தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. 1953இல் நம் மறைமாவட்டம் புதுச்சேரி–கடலூர் என்று பெயர் பெற்றது. 1955இல் அம்புரோஸ் இராயப்பர் ஆண்டகை முதல் தமிழ் அதிமேற்றிராணியாராகப் பொறுப்பேற்றார். இடைப்பட்ட நூற்றெண்பது ஆண்டுகளில் எத்தனையோ பிரெஞ்சுக் குருக்கள் நம் மண்ணில் உழைத்து, பலர் இங்கேயே மண்ணாயினர். அவர்களுள் ஒருவருடையது இந்தச் சுங்கான்.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி இதுதான். அந்தச் சாமியார் மாட்டு வண்டியில் வருவார். திண்ணையில் அமர்ந்து சுங்கானைப் பற்றவைத்துக்கொண்டுதான் ஊர்ச்செய்தி கேட்பார். ஓர் ஆண்டு சாம்பல் புதனன்று அதை உபதேசியார் கையில் கொடுத்து, “பாஸ்கு வரைக்கும் இது உம்மிடத்தில் இருக்கட்டும்” என்றாராம். புகையிலைக்கு ஆகும் காசை, அந்த ஆண்டு தாயை இழந்த இரண்டு பிள்ளைகளின் கஞ்சிச் செலவுக்குக் கொடுத்துவந்தாராம். பாஸ்குத் திருநாள் கழிந்ததும் உபதேசியார் சுங்கானை எடுத்துக்கொண்டு போய் நீட்டினார். சாமியார் சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். மறுபடி கேட்கவே இல்லை.

1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. பிரெஞ்சு நாட்டில் 1889ஆம் ஆண்டுச் சட்டம் குருக்களையும் படைப்பணிக்கு உட்படுத்தியிருந்தது. ஆகவே கீழ்த்திசை நாடுகளில் வேதம் போதித்துவந்த பிரெஞ்சுக் குருக்கள் பலருக்கு அழைப்பாணை வந்தது. இந்தச் சாமியாரும் புறப்பட்டார். பின்பு அவர் இப்பக்கம் வரவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டுமே என்று உபதேசியார் பத்திரமாக வைத்திருந்தார். அவருக்குப் பின் அவர் மகன் வைத்திருந்தார். இப்படியே நான்கு தலைமுறை கடந்துவிட்டது.

செபமாலை கடைந்த ஊரில் பிறந்தது

துணியை அவிழ்த்தபோது கண்டது, பூசணம் பூத்து, பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறிப்போன ஒரு பொருள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பங்குக்காரர் ஒருவர் அதைச் சீர்செய்து தர முன்வந்தார். கண்ணாடிக் கருவிகளோடு பழகிய நிதானமான கை அவருக்கு. அவர் வேலை செய்யச் செய்யத்தான் அதன் வரலாறும் தெரியவந்தது.

கிண்ணத்தின் பக்கத்தில் மங்கலாகப் பொறித்திருந்த ஊர்ப்பெயர், சேன்-குளோத். பிரான்சு நாட்டின் ஜூரா மலைத்தொடரில் உள்ள சிறு நகரம் அது. அர்ச். குளோதியுஸ் என்ற மேற்றிராணியாரின் கல்லறையைத் தரிசிக்க வந்த யாத்திரிகர்களுக்காகச் செபமாலை மணிகளும் சிறு சுரூபங்களும் மரத்தில் கடைந்து விற்றுப் பிழைத்த ஊர். கடைசல் வேலையில் தேர்ந்த அந்தக் கைகளே, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் சுங்கான் செய்வதில் உலகப் புகழ் பெற்றன. செபமாலையும் சுங்கானும் ஒரே பட்டறையின் பிள்ளைகள் என்பது நமக்கு வியப்பாக இருக்கலாம்!

கிண்ணம் செய்த மரத்துக்குப் பிரையர் என்று பெயர். மத்திய தரைக்கடல் ஓரத்து மலைச்சரிவுகளில் வளரும் ஒரு புதர்ச்செடி அது. வேரும் தண்டும் கூடும் இடத்தில் முண்டாகப் பருத்திருக்கும் பகுதியைப் பல பத்தாண்டுகள் முற்றவிட்டு வெட்டி எடுக்கிறார்கள். அதைப் பல மணி நேரம் நீரில் கொதிக்கவைத்துச் சாற்றை வெளியேற்றி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துகிறார்கள். இவ்வாறு பதப்படுத்திய மரம் எளிதில் கருகாது, சூட்டில் வெடிக்காது. அதற்கு முன் ஐரோப்பாவில் பெரும்பாலும் வெண்களிமண் சுங்கான்களே வழங்கின. அவை கைதவறினால் உடைந்துவிடும். வண்டியிலும் தோணியிலும் ஊர் ஊராகப் போகிறவருக்கு மரச் சுங்கானே ஏற்றது.

இது பையில் வைத்துக்கொள்வதற்கென்றே அமைத்த வகை. கிண்ணம் உருண்டையாக இராமல், இருபுறமும் தட்டையாக, நீள்வட்டமாக இருக்கும். வாயில் வைக்கும் பகுதியைத் திருப்பினால், அது கிண்ணத்தின் விளிம்பின்மேல் குறுக்காகப் படிந்துகொள்ளும். வாய்ப்பகுதி எபோனைட் என்னும் கடின இரப்பரால் ஆனது. இரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றிச் செய்யும் கரும்பொருள் அது. ஆண்டுகள் செல்லச்செல்ல வெளிச்சமும் காற்றும் பட்டு அதிலுள்ள கந்தகம் மேலே வெளிப்படுவதால்தான் பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறுகிறது.

நண்பர் அதை மிக நுண்ணிய உப்புத்தாளால் நீர் விட்டுத் தேய்த்துக் கருமையை மீட்டார். கிண்ணத்தில் உப்பை நிரப்பிச் சாராயச் சத்தை ஊற்றி ஓரிரவு வைத்தார். ஊறிக்கிடந்த கசடு உப்பில் இறங்கிவிட்டது. பழைய பீடத்து மெழுகுதிரிகளின் தேன்மெழுகுத் துண்டைத் தேய்த்துத் துணியால் மெருகேற்றியதும், மரத்தின் ரேகைகள் தணலைப் போலச் சிவந்து தெரிந்தன.

இரண்டு இடங்களில் மட்டும் அவர் கையை நிறுத்தி என்னைக் கேட்டார். கிண்ணத்தின் உட்சுவரில் கரி தடித்துப் படிந்திருந்தது. “முழுக்கச் சுரண்டிடட்டுமா ஃபாதர், புதுசு போல ஆயிடும்” என்றார். எபோனைட்டில் பற்கள் பதிந்த இரண்டு பள்ளங்களும் இருந்தன. இளஞ்சூடு காட்டினால் அவை மேலெழும்பி மறைந்துவிடுமாம். “அதையும் சரிபண்ணிடலாம்” என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கரி ஒருநாளில் படிந்ததன்று. ஆண்டுக்கணக்கில், காலையும் மாலையும் ஒரு மனிதர் இதை நாடியிருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் பல்தடம், மொழி தெரியாத ஊரில் தனிமையைக் கடித்துக்கொண்டிருந்தவரின் தடம். கரியைச் சுரண்டிவிட்டால் கையில் மிஞ்சுவது அழகான ஒரு மரச்சாமான். அதை விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று பிறகு யாருக்கும் தெரியாமற் போய்விடும். ஆகவே கரியில் ஒரு நாணயத்தின் கனத்தை விட்டுவைக்கச் சொன்னேன். பல்தடத்தைத் தொடவேண்டாம் என்றேன்.

பறங்கிக்காய் வந்த வழியில் வந்த புகை

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகள் அதை வளர்த்துப் புகைத்தார்கள். அங்கிருந்து ஸ்பானியரும் போர்த்துகீசியரும் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். 1560ஐ ஒட்டி, போர்த்துகல் நாட்டில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவர் அதை மருந்தென்று தம் அரசவைக்கு அனுப்பினார். நிக்கோட்டின் என்ற பெயர் அவராலேயே வந்தது.

இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் போர்த்துகீசியர். நமக்கு அருகிலுள்ள பரங்கிப்பேட்டையை அவர்கள் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம் என்று அழைத்தார்கள். நம் சமையலில் உள்ள மிளகாயும், பெயரிலேயே பரங்கியரைச் சுமக்கும் பறங்கிக்காயும், பண்ணுருட்டிச் செம்மண்ணில் காடாய் நிற்கும் முந்திரியும் புகையிலையைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதாம். முந்திரி நம் மாவட்டத்துக்குச் சோறு போட்டது. புகையிலை என்ன செய்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசாத் பேக் என்ற அதிகாரி, பீஜப்பூரில் தாம் கண்ட புகையிலையையும் அழகிய சுங்கான் ஒன்றையும் அக்பர் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்ததை எழுதிவைத்திருக்கிறார். அரண்மனை வைத்தியர்கள், அறியாத பொருளை அரசர் உட்கொள்ளலாகாது என்று தடுத்தார்கள். அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617இல் புகையிலைக்குத் தடை விதித்தார். தடை நிற்கவில்லை. தமிழ்நாட்டில் அது வெற்றிலைப்பாக்கோடு கூடி மெல்லும் பொருளாயிற்று, பண்டிதர்களின் மூக்குப்பொடி ஆயிற்று, சுருட்டாயிற்று. ஆங்கிலேயர் வழங்கும் செரூட் என்னும் சொல் நமது சுருட்டிலிருந்து போனதே. சீனிச் சர்க்கரைப் புலவர் புகையிலை விடு தூது என்று ஒரு பிரபந்தமே பாடினார். டாக்டர் உ.வே. சாமிநாதையர் அதை 1939இல் பதிப்பித்தார். மக்கள் மனத்தில் புகையிலை அவ்வளவு உயர்ந்த இடத்தைப் பிடித்திருந்தது.

திருச்சபைச் சட்டம் சொன்னது

குருக்களும் இதற்கு விலக்கல்லர். 17ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரத்தில், பூசை நேரத்திலேயே சிலர் பொடி போடுவதும், பீடத்துத் துகில்கள் கறைபடுவதும் வழக்கமாகிவிட்டன. அங்குள்ள பேராலயத்தாரின் முறையீட்டின்பேரில் பாப்பரசர் 8ஆம் உர்பான் 1642இல் கட்டளை பிறப்பித்தார். அம்மறைமாவட்டத்து ஆலயங்களில் புகையிலையை எவ்வகையில் பயன்படுத்தினாலும் திருச்சபைக்குப் புறம்பாக்குவதாக அக்கட்டளை எச்சரித்தது. 1650இல் 10ஆம் இன்னொசென்ட் பாப்பரசர் உரோமை அர்ச். இராயப்பர் பேராலயத்துக்கும் அவ்வாறே விதித்தார். 1725இல் 13ஆம் பெனடிக்ட் பாப்பரசர் அத்தடையை நீக்கினார். பொடி போடுவதற்கென்று வழிபாட்டின் நடுவே எழுந்து வெளியே போவது, தடையைவிடப் பெரிய இடைஞ்சலாகிவிட்டதே காரணம்.

இக்கட்டளைகள் காத்தது ஆலயத்தின் புனிதத்தை. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து புகைப்பதை அவை பாவமென்று சொல்லவில்லை. குருமடத்து நூலகத்திலிருந்த பழைய ஒழுக்கவியல் நூல்களில் இதைப்பற்றிய ஆராய்ச்சியை நான் மாணவனாக இருந்தபோது படித்துச் சிரித்ததுண்டு. 1953இல் 12ஆம் பத்திநாதர் பாப்பரசர் தளர்த்தும்வரை, நன்மை வாங்குகிறவர் நள்ளிரவு முதல் ஒரு சொட்டுத் தண்ணீரும் அருந்தலாகாது. ஆனால் புகை உணவன்று, பானமுமன்று. ஆகவே நோன்பை முறிக்காது என்பது அந்நூல்களின் பொதுவான தீர்ப்பு. மேலும் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி இருப்பதை 1897இல் ரொனால்டு ராஸ் செக்கந்தராபாத்தில் கண்டறிவதற்கு முன்பு, சதுப்பு நிலத்து நச்சுக்காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்றும், புகையிலைப்புகை அதை விரட்டும் என்றும் ஐரோப்பியர் பலர் நம்பினார்கள். வெள்ளாற்றங்கரையிலும் கொள்ளிடக்கரையிலும் இராத்தங்கிய குருவானவருக்குச் சுங்கான் ஒரு துணை.

எனவே நம் சாமியார் தவக்காலத்தில் சுங்கானைக் கீழே வைத்தபோது, அவரை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.  தாயில்லாப் பிள்ளைகளின் பசி ஒன்றே அவரிடம் கேட்டது. அவரும் கொடுத்தார்.

“அந்தச் சாமானையா வைக்கிறீங்க?”

கண்காட்சிக்கு முந்திய மாலை. மாதா பீடத்துக்கு அருகே மேசை போட்டு, வெள்ளைத்துணி விரித்து, மெருகேறிய சுங்கானை நடுவில் வைத்திருந்தோம். ஆலயம் பெருக்க வந்த ஓர் அம்மா நின்று பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“சாமி, எங்க வீட்டுக்காரரு பொகையிலை போட்டே போனவரு. கன்னத்துல புண்ணு வந்து, கடைசியில கஞ்சித்தண்ணிகூட எறங்கல. நானே துணியில நனைச்சு நனைச்சு உதட்டுல வெச்சேன். அந்தச் சாமானையா மாதா பக்கத்துல வைக்கிறீங்க?”

எனக்கு உடனே வாயில் சொல் எழவில்லை. வரலாறு, நினைவுச்சின்னம் என்று நான் சேர்த்துவைத்திருந்த பேச்செல்லாம் அந்த அம்மாவின் முன் நிற்கவில்லை.

அவர் சொன்னதுதான் உண்மை. 1950இல் இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இருவர் நடத்திய ஆராய்ச்சி, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளிக்கொணர்ந்தது. 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை அதை உறுதிப்படுத்தியது. சுங்கான் பிடிப்பவருக்கு உதட்டிலும் வாயிலும் புற்றுநோய் வருகிறது. மெல்லுபவருக்குக் கன்னத்தில் வருகிறது. ஆண்டுதோறும் உலகில் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் புகையிலையால் மாண்டுபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதைத் தடுக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிப்பது தடைசெய்யப்பட்டது. பாப்பரசர் பிரான்சிஸ், மக்களின் உடல்நலத்துக்குக் கேடான தொழிலில் திருப்பீடம் பங்குகொள்ளலாகாது என்று, 2018 முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பனையை நிறுத்தச் செய்தார். 1642ஆம் ஆண்டுக் கட்டளை பீடத்துத் துகிலைக் காத்தது; 2018ஆம் ஆண்டுக் கட்டளை மனித உயிரைக் காக்க எழுந்தது. திருச்சபையும் கற்றுக்கொண்டே நடக்கிறது.

அன்றிரவே சுங்கானை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டோம். மறைக்கவில்லை, பங்கு மண்டபத்தில் மற்றப் பழம்பொருள்களோடு, உபதேசியாரின் கைமணிக்கு அருகில் வைத்தோம். மெருகு தெரியும்படி படுக்கவைத்திருந்ததை மாற்றி, கிண்ணத்தின் உட்புறக் கரி பார்ப்பவர் கண்ணில் படும்படி நிறுத்திவைத்தோம். ஓர் அட்டையில் எழுதினோம்: “ஒரு குருவானவர் இதை விட்டார். புகையிலைக் காசு பிள்ளைகளின் கஞ்சியாயிற்று. கேட்டால் கொடுக்க வேண்டும் என்று உபதேசியார் குடும்பம் காத்தது. அவர் கேட்கவில்லை. புகையிலை உயிரைக் கொல்லும்.”

மறுநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் அந்த அம்மா தம் பேரப்பிள்ளையோடு வந்தார். பிள்ளை அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தான். அவர் குனிந்து கரியைப் பார்த்தார்.

“திரும்பக் கேக்கவே இல்லையா, சாமி?”

“இல்லை, அம்மா.”

“அப்ப இருக்கட்டும்” என்றார்.

நம் முன்னோர் குற்றங்குறையற்றவர்கள் என்று எழுதிவைப்பது எளிது. யூபிலி மலர்கள் பெரும்பாலும் அவ்வாறே எழுதுகின்றன. ஆனால் கரியைச் சுரண்டி மெருகேற்றிய வரலாறு நம் பிள்ளைகளுக்கு உதவாது. “இவர்களைப் போல் நம்மால் ஆகாது” என்று அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நம்மைப் போலவே ஒரு பழக்கத்துக்கு அடிமைப்பட்டிருந்தவர், ஒரு சாம்பல் புதனன்று அதைக் கையிலிருந்து இறக்கினார் என்று சொன்னால், நாமும் எதையேனும் இறக்கிவைக்கலாமே என்ற எண்ணம் பிறக்கும்.

ஐம்பது ஆண்டு நிறைவில் நம் ஆலயத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் காணிக்கை தர விரும்புகிறீர்கள். பொன்னும் பொருளும் வரவேற்கத்தக்கவையே. எனினும் பாக்குப் பொட்டலமோ, பீடிக்கட்டோ, புட்டியோ, உங்கள் வீட்டாரின் கஞ்சியைத் தின்றுகொண்டிருக்கும் பொருள் எதுவோ, அதை அடுத்த சாம்பல் புதனன்று கொண்டுவந்து என் மேசைமேல் வையுங்கள். உபதேசியாரைப் போல நானும் பத்திரமாக வைத்திருப்பேன். நீங்கள் திரும்பக் கேட்காதிருக்க வேண்டுமென்று மன்றாடுவேன்.

எல்லாம் இறைவனின் அதிமிக மகிமைக்கே.

— பங்குத்தந்தை